தவக்காலக் காணிக்கையில் ஜாமீன் கட்டலாமா?

பாலக்கோடு பங்குக்காரன்:
எங்கள் சர்ச் பங்கில் ஒரு யோசனை எழுந்து, அது சண்டையாக மாறிக்கொண்டிருக்கிறது. தவக்காலக் காணிக்கையில் ஒரு பகுதியை, ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாத ஏழைகளுக்கு ஒதுக்கலாம். சில்லறைக் குற்றங்களுக்கு ஆளை உள்ளே தள்ளுவதைக் குறைக்கச் சொல்லி ஆட்சியரிடம் மனு கொடுக்கலாம். இவ்வளவுதான் யோசனை. பக்கத்து ஜமாத்தில் சரி என்றார்கள். மாரியம்மன் கோயில் தர்மகர்த்தா 'கேட்டுச் சொல்கிறேன்' என்றிருக்கிறார். எங்கள் பங்கிலோ பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

மாதம் ஒருமுறை சிறைப்பணிக் குழுவோடு போகிறவன் நான். அங்கே 19 வயதுப் பையன் ஒருவன். கிணற்று மோட்டாரில் காப்பர் ஒயர் அறுத்த வழக்கு. முதல் வழக்கு என்கிறான். மூன்றாவது வாரமே ஜாமீன் உத்தரவு வந்துவிட்டது. இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும். பெற்றோர் பெங்களூரில் கட்டட வேலை. சொந்த வீடு இல்லை, வரி ரசீதும் இல்லை. சொந்தக்காரர்களைக் கேட்டால், 'அவன் ஓடிவிட்டால் கோர்ட்டுக்கு யார் அலைவது?' என்கிறார்கள். நான்கு மாதமாக உள்ளேயே இருக்கிறான். போன முறை அவன் அம்மா மனு போட்டு அவனைப் பார்க்க வந்திருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதில் பன்னும் புதுச் சட்டையும். சட்டையின் விலைச் சீட்டு அப்படியே தொங்கியது. உள்ளே இளைத்திருப்பானோ என்று சந்தேகம். அளவு சரியில்லை என்றால் கடையில் மாற்றிக்கொள்ளலாம் என்று கிழிக்காமல் வைத்திருந்தாராம்.

ஓய்வுபெற்ற ஏட்டு, கிருஷ்ணகிரி:
தம்பி, சட்டையைப் பார்த்தீர்கள், தக்காளியைப் பார்த்தீர்களா? பாலக்கோட்டுக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோடையில் மோட்டார் ஓடாமல் நாலு நாள் தண்ணீர் பாயாவிட்டால் தக்காளித் தோட்டம் என்ன ஆகும்? பழைய இரும்புக் கடையில் ஒயருக்கு இரண்டாயிரம் கொடுத்திருப்பான். தோட்டக்காரனுக்கு ஒரு பருவமே போய்விடும். அவன் வீட்டுக்கு உங்கள் குழு எத்தனை முறை போனது?

31 வருடம் காக்கி போட்டவன் சொல்கிறேன். கொடியவரை ஒறுப்பது களை பிடுங்குவது போல என்று வள்ளுவரே எழுதிவிட்டார், குறள் 550. இரக்கம், விடுதலை என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குத் தருமபுரி பக்கத்து இலக்கியம்பட்டிதான் கண்ணில் நிற்கிறது. 2000 பிப்ரவரி 2, கட்சிக்காரர்கள் மூன்று மாணவிகளைப் பஸ்ஸோடு எரித்தார்கள். தூக்கு என்றார்கள், 2016இல் ஆயுள் ஆயிற்று, 2018இல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டு என்று குற்றவாளிகள் மூன்று பேரையும் வெளியே விட்டார்கள்.

அரூர் தோழர்:
ஏட்டையா, குறளைப் பாதியில் விட்டுவிட்டீர்கள். 550 பேசுவது 'கொலையிற் கொடியாரை'. காப்பர் ஒயர் அறுத்தவன் அதில் வரமாட்டான். பன்னிரண்டு குறள் தள்ளிப் போங்கள்: 'கடிதோச்சி மெல்ல எறிக.' ஓங்குவது பலமாக, விழுவது மெல்ல.

பங்குக்காரரோடும் எனக்கு உடன்பாடில்லை. பக்தர்கள் கையில் சிறைச் சீர்திருத்தத்தைக் கொடுத்தால் என்ன வரும் என்பதற்குச் சரித்திரம் இருக்கிறது. பிலடெல்பியாவில் குவேக்கர் கிறிஸ்தவர்கள் கசையடிக்கும் தூக்குக்கும் மாற்றாக, தனியே உட்கார்ந்து மனம் திரும்பட்டும் என்று நல்லெண்ணத்தோடு யோசித்தார்கள். 1829இல் திறந்த ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறையில் அதன்படி ஒவ்வொருவரையும் தனித்தனி அறையில் பூட்டினார்கள். தனிமைச் சிறை உலகத்துக்குப் பரவியது அங்கிருந்துதான்.

நம் ஊருக்கு வாருங்கள். 1992 ஜூன் 20, வாச்சாத்தி. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல், வருவாய்த் துறை மூன்றும் ஊருக்குள் இறங்கின. 18 பெண்கள் வன்புணர்வுக்கு ஆளானார்கள். பெண்கள், குழந்தைகள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டவர்களைச் சேலம் சிறைக்குக் கொண்டுபோனார்கள். அந்த வழக்கை விடாமல் தூக்கிச் சுமந்தது மார்க்சிஸ்ட் கட்சியும் மலைவாழ் மக்கள் சங்கமும். எந்த உண்டியலும் அல்ல.

ஓய்வுபெற்ற ஏட்டு, கிருஷ்ணகிரி:
வாச்சாத்தியை நீங்களே எடுத்தது நல்லதாயிற்று தோழர். அந்தப் பெண்கள் சிறையைக் குறைக்கச் சொன்னார்களா? 269 பேர் மீது வழக்கு. தீர்ப்புக்கு முன்பே 54 பேர் செத்துப்போனார்கள். மிச்சம் 215 பேரையும் 2011இல் தருமபுரி நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. என் துறைக்காரர்களும் அதில் உண்டு, எனக்கு வெட்கம்தான். 19 வருடம் அந்த மக்கள் காத்திருந்தது எதற்கு? குற்றவாளிகள் உள்ளே போக வேண்டும் என்பதற்கு. அவர்களிடம் போய் உங்கள் மனுவை நீட்டிக் கையெழுத்துக் கேளுங்கள் பார்க்கலாம்.

அரூர் தோழர்:
நியாயமான கேள்வி. நான் கேட்கத் தயங்குவேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு கணக்கு பாருங்கள். அந்த ஊர் மக்கள் சிறைக்குப் போக விசாரணையும் தேவைப்படவில்லை, தீர்ப்பும் தேவைப்படவில்லை. அதிகாரிகளுக்கோ 2011 தீர்ப்புக்குப் பிறகும் மேல்முறையீடு. 2023 செப்டம்பர் 29இல் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்து, தண்டனை அனுபவிக்கப் பிடித்து அனுப்பச் சொன்னது. கதவு ஒன்றுதான். யாருக்கு உடனே திறக்கிறது, யாருக்கு முப்பது வருடம் ஆகிறது என்பதில்தான் என் சண்டை.

ஓசூர் ஷிப்ட்காரன்:
நான் ஜமாத்தில் இருப்பவன். ஜகாத் பெறத் தகுந்த எட்டு வகையினரில் தளையிலிருந்து விடுவிக்கப்பட வேண்டியவர்களும் உண்டு, கடனாளிகளும் உண்டு. எங்களுக்கு இது புதுச் சங்கதி அல்ல. 'ஜமாத் சேர்ந்தால் கோவை குண்டுவெடிப்பு வழக்குக்காரர்களை விடச் சொல்வார்கள்' என்று ஏட்டையா அடுத்து எழுதுவார் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். ஆம், நீண்டகாலச் சிறைவாசிகள் பற்றியும் பேசுவோம். 2021இல் அண்ணா பிறந்த நாளுக்கு 700 ஆயுள் கைதிகளை விடுவிக்கும் அறிவிப்பு வந்தபோது மத மோதல் வழக்குக்காரர்களை ஒதுக்கிவைத்தார்கள். அதன் பிறகுதான் நீண்டகாலக் கைதிகளின் விடுதலையைப் பரிசீலிக்க நீதிபதி ஆதிநாதன் குழு வந்தது. பஸ் எரிப்பு வழக்குக்காரர்களை விடுவித்த அரசு, மற்றவர்களுக்கு எந்த அளவுகோலால் அளக்கிறது? அளவுகோலை வெளியே வை என்பதுதான் கோரிக்கை.

ஓய்வுபெற்ற ஏட்டு, கிருஷ்ணகிரி:
எழுதத்தான் இருந்தேன். அளவுகோலை வெளியே வைக்கட்டும், சரி. அளந்து பார்த்தபின் விடக் கூடாதவனை விடாதீர்கள்.

பென்னாகரம் தமிழாசிரியை:
நடுவில் நுழைகிறேன். சிறையை மூடச் சொல்லி அரசனிடம் கேட்ட துறவி நம்மிடம் உண்டு. மணிமேகலையின் பத்தொன்பதாம் காதையில் சோழன் 'என்ன வேண்டும்?' என்று கேட்க, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கு என்கிறாள், அவனும் செய்கிறான். ஏட்டையா மகிழ்வதற்கும் ஒரு செய்தி: இருபத்திரண்டாம் காதையில் அதே அரசன் அவளையே காவலில் வைக்கிறான். இளவரசனை வெட்டியவன் காஞ்சனன். காவலில் இருந்தது அவள்.

காவேரிப்பட்டணம் வக்கீல்:
ஆசிரியை அம்மா சொன்னது இன்றைய கணக்குக்கும் பொருந்துகிறது. 2022 முடிவில் நாட்டுச் சிறைகளில் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூறு பேருக்கான இடத்தில் 131 பேர். ஏட்டையா, களை எது பயிர் எது என்று தீர்ப்பே எழுதாத செடிகள் நாலில் மூன்று.

இனி பங்குக்காரர் அண்ணாவுக்கு. உங்கள் யோசனை பாதி தவறு. அந்தப் பையனுக்குப் பணம் தேவையில்லை, ஆள் தேவை. நம் நீதிமன்றங்களில் பெரும்பாலும் கேட்பது, வரி ரசீதோடு வந்து நின்று 'இவன் வாய்தாவுக்கு வருவான், நான் பொறுப்பு' என்று கையெழுத்துப் போடும் இரண்டு பேரைத்தான். ரொக்கம் கட்டச் சொன்ன வழக்கு என்றால், ஏழைக் கைதிகளுக்கென்று 2023இல் வந்த மத்திய அரசுத் திட்டமே விசாரணைக் கைதிக்குப் பண உதவி தருகிறது. முடிவு செய்வது மாவட்டக் குழு. போதைப்பொருள் வழக்கு போன்றவற்றுக்குக் கிடையாது. விண்ணப்பத்தை எழுதித் துரத்த ஆளில்லாமல்தான் கிடக்கிறது.

இன்னொன்று. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் ஆள் வெளியே வரவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் சொல்ல வேண்டும். ஒரு மாதமாகியும் ஜாமீன்தாரர் கிடைக்காவிட்டால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானாகவே எடுத்துப் பார்க்கலாம். நான்கு மாதம் என்கிறீர்கள். உத்தரவு நகலோடு நாளைக்கே அந்த ஆணைக்குழுவுக்குப் போங்கள். ஆட்சியருக்கு மனு எழுதுவது அப்புறம்.

ஏட்டையாவுக்கும் ஒன்று. புதிய குற்றவியல் சட்டம் (பாரதிய நியாய சன்ஹிதா) திருட்டை மன்னிக்கவில்லை. பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குள், முதல் தண்டனை, பொருளைத் திருப்பிக் கொடுத்தாயிற்று என்றால் சமூக சேவைதான் தண்டனை. தோட்டக்காரருக்கு ஒயர் திரும்பக் கிடைக்கும் வழி அதில்தான் இருக்கிறது. பையன் உள்ளே படுத்திருந்தால் ஒயரும் வராது, தக்காளியும் வராது.

ஓய்வுபெற்ற ஏட்டு, கிருஷ்ணகிரி:
வக்கீல் அம்மா, ஒயர் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. உருக்கிவிடுவார்கள். ஜாமீனில் விட்டவன் வாய்தாவுக்கு வராமல் போனால் வாரண்டைத் தூக்கிக்கொண்டு மாண்டியா, பெங்களூர் என்று அலைந்தவன் நான். ராத்திரி பஸ் நிலையத்தில் நான் படுத்துக் கிடந்ததை எந்தப் பங்குக் கூட்டமும் கேட்கவில்லை.

பாலக்கோடு பங்குக்காரன்:
கேட்டிருக்க வேண்டும் ஐயா. தோட்டக்காரர் வீட்டுக்கும் நாங்கள் போகவில்லை, அதுவும் தப்புதான். தோழர் சொன்ன பிலடெல்பியாவுக்கு என்னிடம் பதில் இல்லை. அவர் சங்கமும் கூட வந்து நின்றால் எங்களுக்குப் பலம்.

நேற்று மாலை கூட்டத்தில் வக்கீல் அம்மா சொன்னதை வாசித்தேன். பணம் என்றபோது நாற்பது கைகள் உயர்ந்தன. ஜாமீன்தாரர், வரி ரசீது, ஆதார் நகல், நேரில் ஆஜர் என்றதும் மூன்று கைதான் மிஞ்சியது. ஒன்று என்னுடையது, ஒன்று சர்ச் வேலைகளைப் பார்க்கும் கோயில் பிள்ளையுடையது, மூன்றாவது காது சரியாகக் கேட்காத ஒரு தாத்தாவுடையது. வீட்டுக்கு வந்து பெட்டியைக் குடைந்தேன். ரசீது கிடைத்தது. மூன்று வருடப் பாக்கி இருக்கிறது.

ஓய்வுபெற்ற ஏட்டு, கிருஷ்ணகிரி:
முதலில் பாக்கியைக் கட்டுங்கள் தம்பி. அப்புறம் அந்தப் பையன் பெயரில் வேறு வழக்கு ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்று காவல் நிலையத்தில் கேளுங்கள். அவன் வாய்ச் சொல்லை மட்டும் நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.