முதுகும் பேக், பையும் பேக்: ஆங்கில மெய்யொலியிடம் மாட்டிய அனுபவங்கள்

மலைப்பாதை
பதினோரு வருஷமாகச் சேலம் ஜங்ஷனிலிருந்து ஏற்காட்டுக்கு டாக்சி ஓட்டுகிறேன். போன டிசம்பரில் ஒரு வெள்ளைக்கார அம்மா வந்தார், அறுபது வயதுக்கு மேல் இருக்கும். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஏரிப் பக்கம் வண்டியை நிறுத்தினேன். கதவைப் பிடித்தபடி இறங்கியவர், "மை பேக், மை பேக்" என்றார். டிக்கியைத் திறந்து பையை எடுத்து அவர் காலடியில் வைத்தேன். இல்லை என்று தலையாட்டிவிட்டு மறுபடியும் "பேக்" என்கிறார். இன்னொரு பை இருந்திருக்குமோ, ஜங்ஷனிலேயே விட்டுவிட்டோமோ என்று அந்தக் குளிரிலும் எனக்கு வியர்த்துவிட்டது. பின்சீட்டுக்கு அடியில் துழாவிக்கொண்டிருந்தபோது, அவரே முதுகைத் தட்டிக் காட்டினார்.

இதை எழுதும்போதுதான் கவனிக்கிறேன், தமிழில் எழுதினாலும் இரண்டும் பேக்தான். எப்படிப் பிரித்துக் கேட்பது? உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

அஸ்தம்பட்டி டீச்சர்
அண்ணா, தப்பு உங்கள் காதில் இல்லை. நம் க இடத்துக்கு ஏற்றபடி தானாகவே மாறிக்கொள்ளும். "காடு" சொல்லும்போது க-வுக்குத் தொண்டை அதிராது, "தங்கம்" சொல்லும்போது அதிரும். அதனால் பொருள் மாறுவதில்லை, காதும் அதைக் கண்டுகொள்வதில்லை. ஆங்கிலத்தில் அதே மாற்றம் முதுகைப் பையாக்கிவிடும்.

அவர்களுக்கு மெய்யெழுத்து 21, மெய்யொலி 24. ஒவ்வொன்றுக்கும் மூன்றைப் பார்த்தால் போதும்: தொண்டைக்குள் இருக்கும் குரல்நாண் அதிர்கிறதா, வாயில் எந்த இடத்தில் தடை, காற்று எப்படி வெளியே வருகிறது. அடைத்துத் திறந்தால் வெடிப்பொலி, இடுக்கு வழியே உரசி வந்தால் உரசொலி, மூக்கு வழியே போனால் மூக்கொலி என்று போகும். 24-இல் 9 அதிராதவை, 15 அதிர்பவை.

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் இதைப் போர்டில் எழுதினால் யாருக்கும் ஏறாது. கழுத்தில் விரலை வைத்து "ஸ்ஸ்ஸ்" சொல்லச் சொல்வேன், ஒன்றும் இருக்காது. நாக்கை அசைக்காமல் அப்படியே குரலைச் சேர்த்தால் ஜீப்ரா என்ற சொல்லின் முதல் ஒலி வரும், நம் ஜ இல்லை. செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்யும் பையன் ஒருவன் விரலை எடுக்கவே இல்லை. "மிஸ், பாலிஷ் மோட்டார் ஆன் பண்ணின மாதிரி இருக்கு" என்றான். இப்போது எல்லா பேட்ச்சுக்கும் அந்த மோட்டார்தான் என் உதாரணம்.

சரி, உங்கள் பேக்குக்கு வருவோம். சொல்லின் கடைசியில் வரும் வெடிப்பொலியை அவர்கள் பல நேரம் அடைப்பதோடு நிறுத்திக்கொள்வார்கள், திறக்கமாட்டார்கள். அதனால் அதற்கு முன்னால் வரும் உயிரொலியைக் கேளுங்கள். முதுகு என்றால் வெட்டினாற்போல் குறுகும், பை என்றால் கொஞ்சம் இழுபடும். நாமோ கடைசியில் ஒரு உகரத்தை ஒட்டி "பேக்கு" என்று முடித்துவிடுகிறோம்.

அம்மாபேட்டைக்காரி
எனக்குச் சொல்லின் முதலிலேயே அடி விழுந்தது. கால் சென்டரில் சேர்ந்த முதல் வாரம், "பின் நம்பர்" கேட்டேன். எதிர்முனையில் இருந்தவருக்கு அது குப்பைத்தொட்டியாகக் கேட்டிருக்கிறது. "என்ன தொட்டி?" என்று மூன்று தடவை கேட்டார்.

டிரெய்னர் ஒரு பேப்பரை என் வாய்க்கு முன்னால் பிடித்தார். அவர் சொன்னபோது பேப்பர் படபடத்தது, நான் சொன்னபோது அசையவே இல்லை. சொல்லின் முதலில் வரும் ப, ட, க மூன்றையும் அவர்கள் மூச்சோடு ஊதித் தள்ளுகிறார்கள். அந்த ஊதல் இல்லாவிட்டால் தொண்டை அதிர்ந்த ஒலியாகவே அவர்கள் காதில் விழுகிறது. வேடிக்கை என்னவென்றால், "ஸ்பின்" என்னும்போது அவர்களுக்கும் பேப்பர் அசையாது. முன்னால் ஸ வந்துவிட்டால் ஊதல் போய்விடும்.

வ வேறு தொல்லை. கால்நடை டாக்டரும் "வெட்", நனைந்ததும் "வெட்". டாக்டருக்குக் கீழுதட்டில் மேல்பல் பட்டு உரச வேண்டும், ஈரத்துக்கு உதடு குவிய வேண்டும். தொல்காப்பியப் பிறப்பியலும் வகரத்துக்குப் பல்லும் இதழும் இயைய வேண்டும் என்றுதான் சொல்கிறது. நாம்தான் பட்டும் படாமலும் சொல்லிப் பழகிவிட்டோம்.

சூரமங்கலம் தாத்தா
என் சம்பந்தி வீட்டார் யாழ்ப்பாணத்துக்காரர்கள். "கொம்பியூற்றர்" என்று எழுதுவார்கள். எழுத்துப்பிழை என்று ஒருமுறை திருத்தப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவர்கள் "வெற்றி" சொல்லும்போது நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் ஒட்டுகிறது. இங்கிலீஷ்காரன் டீ, டேபிள் சொல்வதும் அதே இடத்தில்தான். நம் ட-வுக்கு நாக்கு மேலே மடங்கிவிடுகிறது, த-வுக்குப் பல்லுக்கே போய்விடுகிறது. யாழ்ப்பாணத்தார் எழுதும் ற்ற-தான் ஆங்கில ஒலிக்குக் கிட்டே நிற்கிறது.

மலைப்பாதை
டீச்சர், ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி மகள் பேப்பரைப் பிடித்தாள், ஏழாம் வகுப்பு படிக்கிறாள். "பின்", அசையவில்லை. "பின்", அசையவில்லை. மூன்றாவது தடவை பேப்பர் பறந்தது, கூடவே வெற்றிலைச் சாறும். அது அவளுடைய கணக்கு நோட்டில் கிழித்த தாள், அதில் வீட்டுப்பாடம் இருந்திருக்கிறது.