கிளிநொச்சியிலிருந்து கட்டுநாயக்கா: ராகமையில் மாறுவதா, கோட்டை வரை போவதா?

முரசுமோட்டையான்:
வணக்கம். தங்கச்சிக்குக் கட்டுநாயக்கா வர்த்தக வலயத்தில் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. வருகிற வாரம் நான்தான் கொண்டுபோய் விடவேண்டும், ஆனால் இரண்டு பேருமே வவுனியாவுக்கு அங்கால் கோச்சியில் (ரயிலில்) போனதில்லை. கொழும்பு கோட்டைக்குப் போய் அங்கிருந்து பஸ் பிடி என்கிறார் மாமா, பக்கத்து வீட்டு அக்கா ராகமையில் இறங்கு என்கிறா. எது சரி? இரண்டு பெரிய பை, பாய், அம்மா வறுத்துத் தரும் அரிசிமா என்று சாமான் நிறைய இருக்கும். சிங்களம் கொஞ்சம்தான் விளங்கும்.

கனகபுரம் அக்கா:
ராகமை தான் தம்பி. நானும் வலயத்தில் வேலை செய்தவள். எங்கட வடக்குப் பாதை பொல்கஹவெலையில் பிரதான பாதையோடு சேர்ந்து ராகமை வழியாகத்தான் கோட்டைக்குப் போகிறது, புத்தளம் பாதை பிரிவதும் அதே ராகமையில், கட்டுநாயக்கா இருப்பது அந்தப் பாதையில். கோட்டை வரை போனால் ஏறத்தாழ 15 கிலோமீற்றர் கூடப் போய் அவ்வளவும் திரும்பி வரவேண்டும், அதுவும் பின்னேரம் கந்தோர் விட்டு வருகிற சனத்துக்குள், பையைக் கீழே வைக்கக்கூட இடம் இருக்காது.

எல்லாக் கோச்சியும் ராகமையில் நிற்காது. டிக்கெட் எடுக்கும்போதே கேளுங்கோ. ராகமையில் மேடை பல இருக்கு, மேம்பாலப் படி ஏறி இறங்க வேண்டிவரும், சாமானைப் பங்குபோட்டுத் தூக்குங்கோ. ஒலிபெருக்கியில் மீகமுவ, ஹலாவத்த என்று கேட்டால் அது நீர்கொழும்பு, சிலாபம் பக்கம் போகிற கோச்சி, அதில்தான் ஏறவேண்டும். நெரிசல் என்றால் அடுத்ததற்கு நில்லுங்கோ, முதல் கோச்சியிலேயே ஏறவேண்டும் என்று அந்தரப்பட வேண்டாம்.

அப்புறம் ஒன்று, வலயத்துக்கென்றே தனி நிறுத்தம் உண்டு. சீதுவை, லியனகேமுல்லை தாண்டியதும் வரும், கட்டுநாயக்கா ஸ்டேசன் அதற்கும் அங்கால். எல்லா இடமும் நின்று போகிற கோச்சியில் போனால் அங்கேயே இறங்கலாம்.

ஓமந்தை:
கோச்சி எதற்கு? 87 பஸ் வவுனியா, புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு வழியாகத்தான் கொழும்புக்குப் போகிறது. கட்டுநாயக்காவில் இறங்கினால் சரி, இடையில் மாறத் தேவையில்லை. வேறு வழியால் ஓடுகிற கொழும்பு பஸ்ஸும் உண்டு, புத்தளம் வழியா என்று கேட்டு ஏறினால் போதும்.

கனகபுரம் அக்கா:
பகல் பஸ் என்றால் ஓமந்தைத் தம்பி சொல்வதும் நல்ல வழிதான். இரவு பஸ் வேண்டாம். விடியமுன்னம் இருட்டோடு றோட்டோரத்தில் இறக்கிவிட்டுப் போய்விடுவான், புது இடத்தில் ஒரு பொம்பிளைப் பிள்ளையையும் சாமானையும் வைத்துக்கொண்டு எங்கே நிற்பது?

தங்கச்சிக்கு இதையும் சொல்லி வையுங்கோ: ஊருக்கு வரும்போது ராகமையில் ஏற நிற்கவேண்டாம். சித்திரை வருசத்துக்கு வலயத்துப் பிள்ளைகள் எல்லாரும் ஒன்றாக வீட்டுக்குக் கிளம்புவார்கள், கோட்டையிலேயே நிரம்பி வருகிற கோச்சியில் ராகமையில் கால் வைக்க முடியாது, கிளிநொச்சி வரை நின்றபடி வரவேண்டியதுதான். அந்த நேரம் முன்கூட்டியே இருக்கை பதிந்து, கோட்டைக்குப் போய் ஏறட்டும். போடிங் (தங்குமிடம்) எந்தப் பக்கம் பார்த்திருக்கிறீர்கள்?

முரசுமோட்டையான்:
நன்றி அக்கா. போடிங் லியனகேமுல்லையில் தானாம். அப்படியென்றால் வலயம் வரை போகாமல் அதற்கு முந்தின ஸ்டேசனிலேயே இறங்கிவிடுகிறோம்.