தாமஸ் லிங்கன் சோம்பேறியா, நிலம் பறிகொடுத்த சம்சாரியா?

கரம்பை எழுதியது:

ஆபிரகாம் லிங்கனைப் பற்றி எல்லாரும் பேசித் தீர்த்தாயிற்று. நான் பேச வந்தது அவருடைய அப்பா தாமஸைப் பற்றி. 1778இல் வர்ஜீனியாவில் பிறந்தவர். கென்டக்கி, இந்தியானா, இல்லினாய் என்று குடிசை மாற்றிக் குடிசை போட்டு 1851 ஜனவரி 17இல் செத்துப்போன விவசாயி. தன் பெயரையே தட்டுத்தடுமாறித்தான் எழுதுவார் என்று மகனே எழுதி வைத்திருக்கிறார். அப்பா சாகக் கிடக்கிறார் என்று தெரிந்தும் அந்த மகன் போகவில்லை. ஐந்து நாள் முன்பு, சித்தியின் மகன் ஜான் ஜான்ஸ்டனுக்கு எழுதிய கடிதத்தில், இப்போது பார்த்துக்கொண்டால் சந்தோஷத்தைவிட வேதனைதான் மிஞ்சுமோ என்று எழுதினார். அடக்கத்துக்கும் போகவில்லை. பெற்ற பிள்ளையே இப்படி எழுதினால் அப்பன் லட்சணம் என்ன? "காடு திருத்திய உழைப்பாளி" என்று இப்போது அவருக்கு அடிக்கிற வெள்ளை எனக்கு ஒப்பவில்லை.

மூலப்பத்திரம் எழுதியது:

தம்பி கரம்பை, அதே கடிதத்தில் "என் மனைவி பிரசவப் படுக்கையில் கிடக்கிறாள்" என்றும் இருக்கிறது. அதை ஏன் விட்டீர்கள்? சரி, அது போகட்டும். பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். ஒருத்தன் ஊர் மாறினான் என்றால் முதலில் அவன் பத்திரத்தைத்தான் பார்ப்பேன்.

தாமஸின் அப்பா பெயரும் ஆபிரகாம்தான். கேப்டன் ஆபிரகாம் என்பார்கள். வர்ஜீனியா நிலத்தை விற்றுவிட்டு கென்டக்கியில் 5,000 ஏக்கருக்கு மேல் பாத்தியதை வாங்கியவர். 1786 மே மாதம் வயலில் வேலையாக இருந்தபோது, காட்டு மறைவிலிருந்து வந்த செவ்விந்தியர் சுட்டதில் செத்தார். அப்போது கென்டக்கி வர்ஜீனியாவின் பகுதி. அங்கே பழைய சட்டப்படி உயில் இல்லாத சொத்து மூத்த மகனுக்கே போகும். அந்தச் சட்டத்தை 1785இல் ஒழித்துவிட்டார்கள், ஆனால் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்த தேதி 1787 ஜனவரி 1. எட்டு மாதம்! கேப்டன் எட்டு மாதம் கழித்துச் செத்திருந்தால் மூன்று மகன்களும் பங்காளிகள். செத்தது முன்னால் என்பதால் எல்லாம் மூத்தவர் மோர்டிகாய் கைக்குப் போயிற்று. மகன்களில் கடைசி தாமஸுக்கு வயது எட்டு. ஊர் ஊராகக் கூலிக்கு அலைந்து வளர்ந்த பையன் என்று மகன் எழுதியதும் இந்த அப்பாவைப் பற்றித்தான். அதையும் எடுத்துப் போடுங்கள்.

கரம்பை எழுதியது:

சொத்து கிடைக்காதது அவர் தப்பில்லை, ஒப்புக்கொள்கிறேன். பிறகு சொந்தமாக வாங்கினாரே, அதைக் காப்பாற்றினாரா? கென்டக்கியில் மூன்று நிலம். மூன்றிலும் கோட்டை விட்டார். ஒன்று போனால் காலக்கொடுமை எனலாம். மூன்றும் போனால்?

மூலப்பத்திரம் எழுதியது:

மூன்றும் எப்படிப் போயின என்று பாருங்கள். 1803இல் மில் கிரீக்கில் 118 பவுண்டு பணத்துக்கு 238 ஏக்கர் வாங்கினார். 1814இல் விற்றபோது பத்திரத்தில் 200 ஏக்கர், விலை 100 பவுண்டு. பழைய சர்வேயே தப்பு, 38 ஏக்கர் காகிதத்தோடு போயிற்று. 1808இல் சிங்கிங் ஸ்பிரிங் பண்ணைக்கு 200 டாலர் ரொக்கம் கொடுத்தார். மகன் 1809 பிப்ரவரி 12இல் பிறந்தது அங்கேதான். முந்தைய பாக்கி ஒன்று நிலத்தின் மேல் இருந்தது, வழக்கு வந்தது, கொடுத்த பணம் போயிற்று. மூன்றாவது நாப் கிரீக். 1815இல் பிலடெல்பியாக்காரர் ஒருவரின் வாரிசுகள் வந்து "எங்கள் இடம், காலி பண்ணு" என்று தாமஸ் மேலும் சுற்றி இருந்தவர்கள் மேலும் வழக்குப் போட்டார்கள். சுற்றி இருந்தவர்கள் எல்லாருமே சோம்பேறிகளா?

காரணம் கென்டக்கியின் அளவை முறை. "வெள்ளை ஓக் மரத்திலிருந்து ஓடை வளைவு வரை, அங்கிருந்து ரெண்டு பாறை வரை" என்றுதான் நாலெல்லை எழுதுவார்கள். மரம் விழுந்தால் எல்லையும் விழும். ஒரே இடத்துக்கு மூன்று நான்கு பேர் பட்டயம் வைத்திருந்தார்கள், கூரை ஓடு ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடப்பதுபோல. இந்தியானாவில் அப்படியில்லை. 1785 மத்தியச் சட்டப்படி சதுரம் சதுரமாக அளந்து, விற்பது அரசாங்கமே. 1816 டிசம்பரில் தாமஸ் ஒஹையோ ஆற்றைத் தாண்டி அங்கே போனார். அடிமைமுறை ஒரு காரணம், முக்கியக் காரணம் நில உரிமைச் சிக்கல் என்று மகனே 1860இல் எழுதினார்.

இன்னொன்று: 1814இல் அவர் இருந்த ஹார்டின் கவுன்டியின் வரிப் பட்டியலில் 98 சொத்துக்காரர்களில் அவர் பதினைந்தாவது. கையாலாகாதவன் கணக்கு இப்படியா இருக்கும்?

ஓரம்போ எழுதியது:

ரெண்டு பேரும் நல்லாச் சண்டை போடுறீங்க. லிங்கனோட அம்மா நான்சி ஹேங்க்ஸோட அப்பா யாருங்கிற பஞ்சாயத்தை மட்டும் தயவுசெஞ்சு இங்க இழுக்காதீங்க. போன தடவை அந்த இழை முடியவே மாட்டேன்னுச்சு.

கரம்பை எழுதியது:

இழுக்க மாட்டேன். ஆனால் நான்சி இந்தியானாவில் எப்படி வாழ்ந்தார் என்பதை இழுப்பேன். 1818 அக்டோபர் 5இல் பால் நோயில் போனார். அதற்குத் தாமஸைக் குற்றம் சொல்லவில்லை, பசு மேய்ந்த விஷச்செடிதான் காரணம் என்று 1920களில்தான் விஞ்ஞானிகளே உறுதிசெய்தார்கள். நான் கேட்பது வேறு. மனிதர் தொழிலில் தச்சர். மனைவிக்குச் சவப்பெட்டி செய்தார். அடுத்த ஆண்டு இரண்டாம் மனைவி சாரா புஷ் வந்து பார்த்தபோது குடிசைக்குப் பலகைத் தரை கிடையாது, ஒழுங்கான கதவு கிடையாது. அவர் சொன்ன பிறகுதான் பலகை இறங்கியது. ஊர்க்காரர்களுக்கு அலமாரி செய்து கொடுத்தவருக்கு வீட்டுத் தரை கண்ணில் படவில்லையா?

அப்புறம், இந்தியானாவில் வில்லங்கம் இல்லை என்றீர்கள். 160 ஏக்கர் பதிந்தவர் 1827இல் பாதியைத் திருப்பிக் கொடுத்தாரே, அதற்கு எந்த மரம் விழுந்தது?

தேன்சிட்டு எழுதியது:

இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். தரை விஷயத்தில் கரம்பை சொல்வது சரி. தாயில்லாத ரெண்டு பிள்ளைகள், மகள் சாராவுக்குப் பன்னிரண்டு, ஆபிரகாமுக்குப் பத்து. அந்த வீட்டை வீடாக்கியது சித்திதான். தாமஸுக்கு அதில் பெரிய பெருமை இல்லை.

ஆனால் அதே சித்தியின் சாட்சியையும் கேளுங்கள். லிங்கன் கொலையான அதே 1865இல், அவருடைய வழக்கறிஞர் கூட்டாளி ஹெர்ன்டன் அந்தக் கிழவியைத் தேடிப் போய்க் கேட்டார். படிக்கிற பையனை முடிந்தவரை எழுப்பி வேலைக்கு விட மாட்டார் என் வீட்டுக்காரர் என்று சொன்னார். படிப்பு சாக்கில் வேலையை விட்டால் அடிப்பார் என்று சொன்னது சொந்தக்காரர் டென்னிஸ் ஹேங்க்ஸ். ரெண்டும் உண்மையாக இருக்கலாம், விவசாய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் என்ன?

மகன் எழுதியதையே சாட்சியாக வைக்கிறீர்களே, குடும்பக் கதையில் அவரே தடுமாறியவர். தாத்தா செத்தபோது அப்பாவுக்கு ஆறு வயது என்று 1859இல் எழுதினார், உண்மையில் எட்டு. நியூ இங்கிலாந்து லிங்கன்களோடு உறவு உண்டா என்று தேடிப் பார்த்ததில் மோர்டிகாய், ஆபிரகாம் மாதிரிப் பெயர்கள் ஒத்துப்போவதற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை என்றார். 1637இல் இங்கிலாந்திலிருந்து மாசசூசெட்ஸ் வந்து இறங்கிய சாமுவேல் லிங்கன்தான் மூதாதை என்று பிற்பாடு மற்றவர்கள்தான் கண்டுபிடித்தார்கள்.

மூலப்பத்திரம் எழுதியது:

தேன்சிட்டு சொன்ன பிறகு தரைக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன், தோற்றேன். நிலத்துக்கு மட்டும் பதில்.

ஏக்கர் ரெண்டு டாலர், தவணை முறை. 160 ஏக்கருக்கு 320 டாலர். கால்பங்கு கட்டிவிட்டு மிச்சத்தை விளைந்ததை விற்றுக் கட்ட வேண்டும். 1819இல் நாடு முழுக்க நெருக்கடி வந்து தானிய விலை படுத்தது. கோடிக்கணக்கான டாலர் பாக்கி தேங்கியதால் 1821இல் அரசாங்கமே ஒரு வழி விட்டது: பாதியைத் திருப்பிக் கொடு, அதற்குக் கட்டிய பணத்தை மிச்சப் பாதியில் வரவு வைக்கிறோம். தாமஸ் அதைத்தான் செய்தார். 80 ஏக்கர், முழுப் பணம் கட்டிய பட்டா, கடன் இல்லை. கென்டக்கியில் அவருக்கு ஒரு நாளும் கிடைக்காத வில்லங்கமற்ற காகிதம் அது.

கரம்பை எழுதியது:

அந்த நல்ல காகிதத்தையும் விற்றுவிட்டு 1830இல் இல்லினாய்க்கு வண்டி கட்டினாரே! மகனுக்கு இருபத்தொரு வயது முடிகிறவரை வெளியே கூலிக்கு விட்டு, சம்பளத்தைத் தான் வாங்கிக்கொண்டவர். சட்டம் இடம் கொடுத்தது, தெரியும். பையனுக்குக் கசந்திருக்காதா? 1841இல் அப்பாவின் 40 ஏக்கரை 200 டாலருக்கு மகன் வாங்கிக்கொண்டு, உயிரோடு இருக்கும்வரை அனுபவியுங்கள் என்று விட்டார். 1848இல் நிலம் ஏலத்துக்கு வராமல் இருக்க 20 டாலர் அனுப்பினார். நின்று விளைய வைக்கிறவருக்கு எழுபது வயதில் 20 டாலர் ஏன் இல்லை?

தேன்சிட்டு எழுதியது:

இருபத்தொன்று முடிந்த மறு மாதமே கிளம்பிப் போகலாமே, ஏன் போகவில்லை? மாட்டு வண்டி ஓட்டி இல்லினாய் வந்து, அப்பாவின் பத்து ஏக்கருக்கு வேலிக்கட்டை பிளந்து கொடுத்து, உழுது கொடுத்துவிட்டு அல்லவா போனார். 1853இல் பிறந்த கடைசி மகனுக்குத் தாமஸ் என்று பெயர் வைத்தார். டேட் என்று கூப்பிட்டார்களே, அந்தப் பையன்.

கரம்பை எழுதியது:

அப்பா செத்து ரெண்டு வருஷம் கழித்து. இருந்தபோது பிறந்த மூன்று மகன்களில் ஒருத்தனுக்குக்கூட அந்தப் பெயர் இல்லை.

மூலப்பத்திரம் எழுதியது:

1861 ஜனவரி கடைசியில், ஜனாதிபதியாகப் பொறுப்பேற்கப் போகுமுன், சித்தியைப் பார்க்க வந்தவர் அப்பாவின் கல்லறைக்கும் போனாரே தம்பி.

கரம்பை எழுதியது:

போனார். பத்து வருஷம் ஆயிற்று போக.