பீலி நீரில் நைத்திரேற்று: இறுதியாண்டு ஆய்வை எப்படிச் சுருக்குவது?

மாணவி, ஹட்டன்
பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் பயிலும் நான் அடுத்த தவணையில் இறுதியாண்டு ஆய்வைத் தொடங்க வேண்டும். எங்கள் லயங்களுக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) வரும் பீலி நீர், தேயிலை மலையின் அடியில் உள்ள ஊற்றிலிருந்து வருகிறது. மேலே யூரியா உரம் போட்ட பின் மழை பெய்தால், அந்த உரத்தின் நைதரசனிலிருந்து மண்ணில் உருவாகும் நைத்திரேற்று அந்நீரில் கூடுகிறதா என்று அறிய விரும்புகிறேன். ஹட்டன் முதல் நுவரெலியா வரை 30 ஊற்றுகளில் தலா ஒரு மாதிரி எடுக்கலாம் என்றேன். மேற்பார்வையாளர் தலைப்பு மிக அகலமானது என்கிறார். ஆறு மாதங்களும் வார இறுதிகளுமே கையில் உள்ளன. எதை விடுவது?

ஆசிரியர், பண்டாரவளை
ஊற்றுகளின் எண்ணிக்கையை விடுங்கள், தங்கை. 30 ஊற்றுகளில் ஒருமுறை அளந்தால், வேறுபாடு உரத்தால் வந்ததா, மண்ணால் வந்ததா, அருகிலுள்ள மலசலகூடக் குழியால் வந்ததா என்று பிரிக்க இயலாது. உங்கள் ஊற்றையும், உரம் படாத காட்டுப் பக்கத்து ஊற்று ஒன்றையும் மட்டும் எடுத்து, உரமிடுவதற்கு முன்னும் பின்னும் வாரந்தோறும் அளந்து, மழைவீழ்ச்சியையும் குறித்து வாருங்கள். மண் துகள்களைப் போலவே நைத்திரேற்றும் மறை மின்னேற்றம் உடையது என்பதால் மண் அதைப் பிடித்து வைக்காது. மழை நீருடன் கீழிறங்கும். ஆனால் தேயிலை நிலத்தின் அமில மண்ணில், யூரியாவிலிருந்து உண்டாகும் அமோனியம் நைத்திரேற்றாக மாறுவது மெதுவாகவே நடக்கும். ஆகவே உடனே உயர்வு தெரியாவிட்டால் ஆய்வு தோற்றது என்று எண்ண வேண்டாம், அந்தத் தாமதமே அளக்கத் தக்கது.

ஆய்வுகூட உதவியாளர், கண்டி
அளவீட்டில் கவனம் தேவை. நைத்திரேற்றை அறியப் புறஊதா ஒளியில் 220 நனோமீற்றரில் உறிஞ்சலை அளக்கும்போது, நீரில் கரைந்த சேதனப் பொருளும் ஒளியை உறிஞ்சும். அதனால் நைத்திரேற்று உறிஞ்சாத 275 நனோமீற்றரிலும் அளந்து, அப்பெறுமானத்தின் இருமடங்கைக் கழிக்க வேண்டும். இலைகுழை மக்கிய ஊற்று நீரில் இது மிக முக்கியம். மாதிரிகளைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, 48 மணித்தியாலங்களுக்குள் அளந்து விடுங்கள். என் மாணவப் பருவத்தில் ஒரு நாள் முழுவதும் வெயிலில் நின்ற பேருந்தில் மாதிரிகளை விட்டுவிட்டு, ஒரு மாத உழைப்பை இழந்தேன். இன்றும் அது வருத்துகிறது.

அலகையும் தெளிவாக எழுதுங்கள். உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டல் அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. அதிலுள்ள நைதரசனை மட்டும் கணித்தால் அது ஏறத்தாழ 11 மில்லிகிராம். இரண்டையும் குழப்பினால் முடிவு நான்கு மடங்குக்கு மேல் பிழைத்துவிடும்.

மாணவி, ஹட்டன்
மிக்க நன்றி. இரண்டு ஊற்றுகளோடு நிறுத்துகிறேன். அளவு கூடியிருந்தால் லயத்து மக்களிடம் நான் எப்படிச் சொல்வது? எல்லோரும் நீரைக் கொதிக்க வைத்தே குடிக்கிறோம்.

ஆசிரியர், பண்டாரவளை
கொதிக்க வைப்பது கிருமிகளைக் கொல்லும், அதை நிறுத்தச் சொல்லாதீர்கள். ஆனால் நைத்திரேற்று அதனால் நீங்காது, நீர் ஆவியாவதால் செறிவு சற்றுக் கூடவே செய்யும். புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கே ஆபத்து அதிகம். ஆகவே மாதிரி எடுக்கத் தோட்ட முகாமையாளரிடம் எழுத்தில் அனுமதி பெறும்போதே, முடிவுகளைத் தோட்டத்து மருத்துவமாதுக்கும் தெரிவிப்பீர்கள் என்று அக்கடிதத்தில் சேர்த்து விடுங்கள்.