உதவி: விட்ஸ் காருக்கு மலிவான போட்டி டயர் எது?

களுவாஞ்சிக்குடியான்:
அண்ணன்மாரே, ஒரு சந்தேகம். அம்பாறைப் பக்கம் ஓர் அரிசி ஆலையின் நெல் காயப்போடும் சீமெந்துத் தளம், அறுவடை இல்லாத நாட்களில் சும்மா கிடக்கிறது. முதலாளியிடம் கேட்டுவிட்டு, நாங்கள் ஏழெட்டுப் பேர் ஞாயிறுகளில் கோன் வைத்து, ஒவ்வொரு காராக நேரம் பிடித்து ஓடுகிறோம். ஓட்டோகுறொஸ் மாதிரித்தான்.

எனது கார் விட்ஸ், டயர் 165/70 ஆர் 14 (அகலம் 165 மில்லிமீற்றர், பக்கச் சுவர் உயரம் அதில் 70 வீதம், ரிம் 14 அங்குலம்). வேகம் 60ஐத் தாண்டாது. ஆனால் இரண்டாவது கோனில் ஸ்டியரிங்கை முழுதாக வெட்டினாலும் மூக்கு நேரே போகிறது, டயர் கத்துகிறது. 52 விநாடிக்குக் கீழே இறங்கவே முடியவில்லை. நாலு டயருக்கும் ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் வரை போடலாம். ஒரு கடையில் 'ரேசிங் டயர்' என்று ரீபில்ட் ஒன்றைக் காட்டினார்கள், நல்ல மலிவு. எடுக்கவா? இதே காரில்தான் வேலைக்கும் போகிறேன்.

கல்முனை கராஜ்:
தம்பி, ரீபில்ட் பக்கமே போகாதீங்க. பழைய உடம்பில் புது றப்பர் ஒட்டியது அது. கோனைச் சுற்றி வெட்டும்போது பக்கவாட்டில்தான் இழுவை விழும். ஒட்டு விட்டால் அவ்வளவுதான்.

முதலில் இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்க. டயரின் பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும், அது என்ன? காற்று எவ்வளவு?

களுவாஞ்சிக்குடியான்:
இலக்கம் 1716. காற்று பெற்றோல் செட்டில் அடித்தது, 30. இன்னொன்று, டயரின் ஓரத்தில் குட்டி முக்கோண அடையாளம் ஒன்று இருந்தது. முன் டயர்களில் அது பாதி தேய்ந்து போயிருக்கிறது.

கல்முனை கராஜ்:
பதில் அதிலேயே இருக்கு. 1716 என்றால் 2016ஆம் ஆண்டின் 17ஆவது கிழமையில் செய்த டயர். டயர் பூ, அதாவது றோட்டில் படும் வரிப் பகுதி, எவ்வளவு மிச்சம் இருந்தாலும் றப்பர் இறுகிப் போயிருக்கும். முக்கோணம் தேய்ந்தால், வளைவில் டயர் மடிந்து பக்கச் சுவரிலேயே ஓடுது என்று அர்த்தம். முன்னுக்கு 36, 38 வரை ஏற்றிப் பாருங்க. ஓடுவதற்கு முன் டயர் ஓரத்தில் குறுக்காக வெண்கட்டியால் ஒரு கோடு போடுங்க. ஓடி முடிந்ததும் கோடு முக்கோணம் வரை அழிந்திருந்தால் சரி. அதையும் தாண்டி அழிந்தால் இன்னும் கொஞ்சம் காற்று. முக்கோணத்துக்கு வெகு மேலேயே நின்றால் குறைக்கணும். வீட்டுக்குப் போகுமுன் பழைய அளவுக்கு இறக்கிவிடுங்க.

ஏறாவூர் நானா:
தளத்தைக் கூட்டினீங்களா? ஆலைத் தளம் என்றால் உமித் தூள் கிடக்கும். எந்த டயரும் அதில் நிற்காது.

டயர் என்றால் பக்கச் சுவரில் இருக்கும் ட்ரெட்வேர் எண்ணைப் பாருங்க. டயர் எவ்வளவு மெதுவாத் தேயும் என்று காட்டும் எண் அது, குறைந்தால் சீக்கிரம் தேயும், ஆனால் பொதுவாப் பிடி கூட. சாதாரண டயர் 300, 400 என்று இருக்கும். 200 அளவில் இருப்பது றோட்டிலும் ஓடும், கோனிலும் பிடிக்கும். ஆனால் அந்த எண்ணைப் போடுவது டயர் செய்யும் கம்பனியேதான், அதனால் ஒரு கம்பனியின் 200உம் இன்னொன்றின் 200உம் ஒன்றல்ல. தாய்வான் நான்காங் என்எஸ்-2ஆர் 120, 180 என்று இரண்டு வகையில் வருது. வேலைக்கும் போற கார் என்றால் 180. மாரி மழையில் தேங்கிய தண்ணியில் அதுவும் சறுக்கும், மெதுவாப் போங்க.

உங்கட அளவில் இப்படியான டயர் தேடினால் அலுத்துப் போவீங்க. 185/60 ஆர் 14 அல்லது 195/50 ஆர் 15 தேடுங்க. உங்கட டயரின் விட்டம் 587 மில்லிமீற்றர், இவை 578, 576. கிட்டத்தட்ட ஒன்றுதான். 15க்குப் புது ரிம் வேணும், அகலம் குறைந்தது ஐந்தரை அங்குலம்.

வாழைச்சேனை மச்சான்:
முன்னுக்கு மட்டும் இரண்டு போட்டால் காசு மிச்சம்தானே?

கல்முனை கராஜ்:
நான் செய்து பார்த்த பிழை அது. முன்னுக்குப் புதுசு, பின்னுக்குப் பழசு. மூக்கு அழகாகத் திரும்பியது, வால் அதைவிட வேகமாகத் திரும்பியது. கார் நின்றபோது நான் வந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தளத்தில் சிரிக்கலாம், மழையில் கல்லடிப் பாலத்தில் சிரிக்க முடியாது. போட்டால் நாலும் போடுங்க.

களுவாஞ்சிக்குடியான்:
நேற்று ஓடினோம். முதலில் ஆறு பேர் விளக்குமாறு எடுத்து அரை மணி நேரம் கூட்டினோம், மூக்கெல்லாம் உமி. முன்னுக்கு 37, பின்னுக்கு 34. வெண்கட்டிக் கோடு சரியாக முக்கோணத்தில் நின்றது. பழைய டயரிலேயே 49.6! மூக்கு இன்னும் கொஞ்சம் தள்ளுகிறது, ஆனால் ஸ்டியரிங்கைக் குறைவாக வெட்டினால் கூடப் பிடிக்கிறது.

நான்கும் 185/60 ஆர் 14 என்று முடிவு, ரிம் மாற்றத் தேவையில்லை. கடைக்காரரிடம் அந்த நாலு இலக்கத்தை வட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வந்ததும் இங்கே போடுகிறேன்.

ஏறாவூர் நானா:
நாலு டயரின் படத்தையும் கேளுங்க தம்பி. ஒன்றைக் காட்டி மூன்றை மாற்றித் தருவாங்க.