மாற்று இதயம்: சும்மா உட்கார்ந்திருந்தாலும் துடிப்பு 100. பயப்பட வேண்டுமா?

மாடிப்படி:
என் கணவருக்கு இதய மாற்று அறுவை சிகிச்சை முடிந்து 4 மாதம் ஆகிறது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே நாடித்துடிப்பு 98, 100 என்று காட்டுகிறது. மாடி ஏறினால் நாலாவது படியிலேயே கால் துவண்டுவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால் அப்போது துடிப்பு ஏறுவதே இல்லை. மேலே போய் உட்கார்ந்த பிறகுதான் ஏறுகிறது. "அப்படித்தான் இருக்கும்" என்கிறார் மருத்துவர். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. இதைக் கடந்து வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

இரவல்காரன்:
இருக்கிறேன், சகோதரி. எனக்கு மாற்றி 7 வருடம் ஆகிறது.

மருத்துவர் சொன்னது சரிதான், காரணத்தையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். புது இதயத்தை வைக்கும்போது ரத்தக் குழாய்களைத் தைக்கிறார்கள். அறுந்த நரம்புகளைத் தைப்பதில்லை. ஓய்வில் இருக்கும்போது இதயத்தை இழுத்துப் பிடிப்பது வேகஸ் நரம்பு. அந்தக் கடிவாளம் போய்விட்டதால் அது தன் இஷ்டத்துக்கு 90, 100 என்று ஓடுகிறது. படி ஏறும்போது "வேகமாக அடி" என்று மூளை சொல்வதும் அதற்குக் கேட்காது. அட்ரினலின் என்ற ஹார்மோன் ரத்தத்தோடு வந்து சேர்ந்த பிறகுதான் விஷயமே தெரியும். அதற்குச் சில நிமிடங்கள் ஆகும்.

அதனால் நான் படிக்குப் போகும் முன் நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் காலை மாற்றி மாற்றித் தூக்கி வைப்பேன். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும், பரவாயில்லை. நிறுத்தும்போதும் படக்கென்று உட்காராமல் மெல்ல நடந்து நிறுத்தச் சொல்லுங்கள். ஆனால் ஒன்று: நரம்பு இல்லாததால் அடைப்பு வந்தாலும் நெஞ்சு வலி தெரியாமல் போகலாம். 'நன்றாகத்தானே இருக்கிறேன்' என்று பரிசோதனையைத் தள்ளிப்போட விடாதீர்கள்.

உடல் புது இதயத்தை எதிர்க்காமல் இருக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரை சாப்பிடுகிறார்தானே? எனக்கு அதில் கை நடுங்கி, வங்கியில் கையெழுத்து ஒத்துப்போகாமல் மூன்று தடவை போட வைத்தார்கள். மருந்தளவைக் குறைத்ததும் நடுக்கம் அடங்கியது. ரத்தத்தில் அந்த மருந்தின் அளவைப் பார்க்கும் பரிசோதனை நாளில் காலை மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகுதான் போட வேண்டும். நான் ஒருமுறை பழக்கதோஷத்தில் விழுங்கிவிட்டு, மறுநாள் மறுபடி ஊசி குத்திக்கொண்டேன்.

தம்பியின்அக்கா:
நான் தானம் கொடுத்த பக்கத்து ஆள். என் தம்பிக்கு மூளைச்சாவு என்றார்கள். வென்டிலேட்டரில் நெஞ்சு ஏறி இறங்குகிறது, கை சூடாக இருக்கிறது, எப்படி நம்புவது? சோதனையை இரண்டாம் முறையும் செய்து உறுதிப்படுத்திய பிறகு எங்களிடம் கேட்டார்கள். அவன் பர்ஸில் உறுப்பு தான அட்டை இருந்தது அப்போது யாருக்கும் நினைவில்லை. ஆனால் அதை வாங்கிய அன்று என்னிடம் காட்டினான். நான் "வாயைக் கழுவுடா" என்று திட்டினேன். அந்தத் திட்டுதான் நினைவுக்கு வந்தது. கையெழுத்துப் போட்டேன். பதிவு செய்கிறவர்கள் வீட்டில் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், திட்டு வாங்கினாலும் சரி.

இரவல்காரன்:
அக்கா, என்ன எழுதுவதென்று தெரியவில்லை. உங்களுக்கு என் வணக்கம்.

மாடிப்படி:
இன்று ஐந்து நிமிடம் கால் மாற்றிவிட்டு ஏறினார். 14 படி, நடுவில் ஒரே ஒரு முறைதான் நின்றார். அப்புறம் நானும் தானத்துக்குப் பதிவு செய்தேன். மகளிடம் சொன்னால் "இப்ப எதுக்கும்மா இதெல்லாம்" என்று எழுந்து போய்விட்டாள். நாளைக்கு மறுபடி சொல்லிப் பார்க்கிறேன்.