கரண்ட் இலவசமாக வரும்போது சோலார் பம்ப் எதற்கு?

மாரண்டஅள்ளி விவசாயி:
சோலார் பம்ப்புக்கு 60 சதவீதம் மானியம், நிலக்கரிப் புகையும் குறையும், எல்லோரும் போடுங்கள் என்று ஓசூர் அண்ணா போன வாரம் எழுதியிருந்தார். நான் தக்காளி போடுகிறவன். முப்பது வருஷத்துக்கு மேலாக விவசாயத்துக்குக் கரண்ட் இலவசம். மீதி 40 சதவீதத்தைக் கைக்காசில் போட்டால் எனக்கு என்ன மிச்சம்? பில்லே வராதவனுக்கு மிச்சம் எங்கிருந்து வரும்?

ஓசூர்க்காரன்:
உங்களுக்குத்தான் இலவசம் தம்பி. அந்தக் கரண்டுக்கு அரசு மின்வாரியத்துக்கு மானியம் கட்டுகிறது, அது நம் எல்லோர் பணம். கணக்கைப் பாருங்கள். 7.5 எச்.பி. மோட்டார் மணிக்குச் சுமார் ஐந்தரை யூனிட் இழுக்கும். நாளுக்கு 5 மணி நேரம், வருஷத்துக்கு 200 நாள் என்றால் 5,500 யூனிட். நம் நாட்டில் ஒரு யூனிட் கரண்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. ஒரு மோட்டாரை மாற்றினால் வருஷத்துக்கு 4 டன்னுக்குக் கொஞ்சம் குறைவாக மிச்சம்.

அரூர்க்காரி:
அண்ணா, பாதிக் கணக்குதான் சொல்கிறீர்கள். அந்த மோட்டாருக்கு 7 கிலோவாட் பேனலாவது வேண்டும். ஒரு கிலோவாட்டுக்கு வருஷம் 1,500 யூனிட் என்று வைத்தாலும் 10,000 தாண்டும். மோட்டார் எடுப்பது அதில் பாதி. மீதி வெயில் வீண். அப்படியானால் ஒரு டன் புகையைக் குறைக்க அரசு இரண்டு மடங்கு செலவு செய்கிறது.

இன்னொன்று, வெயில் சும்மா கிடக்கிறதே என்று மோட்டாரை ஓட விடுவோம். எங்கள் பக்கம் 1,000 அடி போர் போட்டும் காற்றுதான் வருகிறது. பாறையிலிருந்து கரைகிற ஃபுளோரைடு உப்பு கலந்த தண்ணீர் குடித்துப் பல்லும் எலும்பும் கெட்டதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. இன்னும் ஆழத்துக்குப் போகச் சொல்லாதீர்கள்.

ஓசூர்க்காரன்:
தண்ணீர் விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் கம்பியோடு சேராத தனி சோலார் பம்ப் வேண்டாம், பேனலை மின்கம்பியோடு இணையுங்கள் என்கிறேன். குஜராத்தில் துண்டி என்ற கிராமத்து விவசாயிகள் சங்கம் வைத்து, உபரி மின்சாரத்தை யூனிட் 4.63 ரூபாய்க்கு மின் நிறுவனத்துக்கு விற்றார்கள். வீணாக மோட்டார் ஓடினால் விற்கிற காசு போகும். அதனால் நிலத்தடித் தண்ணீரும் மிஞ்சும்.

மாரண்டஅள்ளி விவசாயி:
அண்ணா, துண்டிக்காரர்கள் அதுவரை டீசல் எஞ்சின் வைத்திருந்தவர்கள். டீசல் காசு மிச்சமானதே அவர்களுக்குப் பெரிய லாபம். எனக்கு அது கிடையாது. பெரிய சோலார் பூங்கா கரண்டே 3 ரூபாய்க்குக் கீழே ஏலம் போன பிறகு, என் நாலு பேனலுக்கு யார் 4.63 தருவார்கள்?

ஓசூர்க்காரன்:
பூங்கா கரண்ட் அங்கிருந்து பாலக்கோடு வருவதற்குள் கம்பியில் எவ்வளவு வீணாகப் போகிறது? உங்கள் வயலில் விளைவது பக்கத்து மோட்டாருக்கே போய்விடும். அப்படி வீணாகாமல் மிஞ்சும் காசையும் இலவச கரண்டுக்குக் கட்டும் மானியத்தையும் சேர்த்து உங்கள் விலையில் கொடுக்கட்டும்.

அரூர்க்காரி:
கொடுக்கட்டும். ஆனால் போர் ஆழத்துக்கும் ஒரு வரம்பு கரண்ட் வாங்கும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.

மாரண்டஅள்ளி விவசாயி:
25 வருஷத்துக்கு விலையை எழுதிக் கொடுத்து, மாதாமாதம் கணக்கில் காசு போடட்டும். பேனலுக்குக் குழி நானே வெட்டுகிறேன். அதுவரை என் இலவச இணைப்பை விடமாட்டேன்.